சீன் போடுறவர்கள்

தமிழில் 'சீன்' என்ற சொல்லுக்கு மூன்று வாழ்க்கை உண்டு. முதல் வாழ்க்கை நாடகக் கம்பெனிகளில். படுதாவில் எழுதிய அரண்மனை, நந்தவனம், காடு, கடைத்தெரு எல்லாமே 'சீன்'தான். நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபாவுக்குக் கூட்டம் போனது பாதி பக்திக்கு என்றால், பாதி சீனுக்கு. ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் 'இலங்கேஸ்வரன்' போட்டபோது மேடையில் நடந்த தந்திரக் காட்சிகளைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். வசனம் யாருக்கும் ஞாபகம் இல்லை. இரண்டாவது வாழ்க்கை சினிமாவில். அங்கிருந்து தெருவுக்கு இறங்கி "ஓவரா சீன் போடாத" என்று ஆனது.

மூன்றாவது வாழ்க்கை அவ்வளவாக வெளியே தெரியாதது. பல்லாவரத்திலிருந்து தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் உள்ள கல்யாண மண்டபங்கள், சர்ச்சுகள், சிறிய சபாக்கள், பள்ளி ஆண்டுவிழா அரங்குகள் எதற்குள் போனாலும், கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேஜை இருக்கும். அதன்மேல் விளக்குகள் மினுங்கும் ஒரு டிஜிட்டல் மிக்ஸர். அதன் முன்னால் நிற்கும் பையன் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பான்: "ண்ணா, நேத்து சீனைப் போடட்டா?"

இந்த மூன்றாவது 'சீன்' என்பது ஒரு கணத்தின் மொத்த நிலவரம். எந்த மைக் எந்த ஃபேடரில், எவ்வளவு சத்தம், எவ்வளவு கெயின், எங்கே அடித்தொனி வெட்டப்பட்டிருக்கிறது, பாடகருக்கு முன்னால் உள்ள மானிட்டரில் தம்புரா எவ்வளவு போகிறது, எந்தச் சேனல் மியூட்டில் இருக்கிறது. இதுபோன்ற ஆயிரக்கணக்கான எண்களை ஒரு பெயரின் கீழ் சேமித்துவைத்து, ஒரு பொத்தானில் திரும்பக் கொண்டுவரலாம். ஃபேடர்கள் மோட்டாரில் தாமாகவே நகர்ந்து போய் நேற்றைய இடத்தில் நிற்கும். முதல்முறை பார்ப்பவருக்கு ஆவி வந்து இயக்குவதுபோல இருக்கும்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பதால் எனக்கு இதில் ஒரு தனி ஆர்வம். 'முந்தைய நிலைக்குத் திரும்புதல்' என்பதுதான் எங்கள் தொழிலின் பாதி. ஆனால் ஒலித்துறைக்கு இந்த வசதி மிகத் தாமதமாகத்தான் வந்தது. அது வருவதற்கு முன் இந்த ஞாபகம் எங்கே இருந்தது என்ற கேள்விதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது.

முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றுமே இருக்கவில்லை. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறக்கும்வரை அவர் குரல் கடைசி வரிசைக்குப் போனது அவருடைய நுரையீரலின் பலத்தில். கே.பி. சுந்தராம்பாளும் அந்தப் பள்ளியில் பயின்றவர்தான். ஒலிபெருக்கி இந்தியாவில் பரவியது அதே முப்பதுகளில். மோட்வானி குடும்பத்தின் 'சிகாகோ ரேடியோ' காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. பெயரில்தான் சிகாகோ, சிந்துவில் தொடங்கி பம்பாயில் வளர்ந்த கம்பெனி அது. காந்தி, நேரு படங்களில் மைக்கின் கழுத்தில் அந்தப் பெயர்ப்பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்துக்கு 1931-இல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. மின்சாரமும் ஒலிபெருக்கியும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் வந்த விருந்தாளிகள்.

பிறகு வந்தது மைக் செட் காலம். ஒரு அஹூஜா ஆம்ப்ளிஃபயர், இரண்டு கூம்பு, ஒரு ரெக்கார்டு பிளேயர். மைக் ஒன்று, மைக் இரண்டு என்று வரிசையாகச் சில குமிழ்கள், கடைசியில் பாஸ், ட்ரெபிள், மாஸ்டர். சேமிக்க வேண்டியது ஏழெட்டு எண்கள்தான், அது விரலுக்கே தெரியும். சேலையூரில் எனக்குத் தெரிந்த மைக் செட் அண்ணன் ஒருவர் வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரில் ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி கோயிலுக்கு, இரண்டு புள்ளி அரசியல் கூட்டத்துக்கு. "காதுகுத்துக்கு எது?" என்று கேட்டேன். "காதுகுத்துக்கு எல்லாம் ஃபுல்லுதான் தம்பி" என்றார். அந்தப் புள்ளிகளைத்தான் நான் பார்த்த முதல் சீன் மெமரியாகக் கணக்கில் வைத்திருக்கிறேன்.

இதே காலத்தில் கோடம்பாக்கத்தில் நிலைமை வேறு. அங்கே ஒலிப்பதிவுக் கூடத்தில் பெரிய மிக்ஸர்கள் இருந்தன, பல மைக்குகள் இருந்தன. ஆனால் பாட்டு ஒரே மூச்சில் பதிவானது. ஐம்பது, அறுபது பேர் வயலினும் தபலாவும் புல்லாங்குழலுமாக உட்கார்ந்திருக்க, பாடகர் தனி அறையில் நிற்க, எல்லாரும் சேர்ந்து ஒரே டேக். தப்பு நடந்தால் முதலிலிருந்து எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டும். ஒரு கால்ஷீட்டில் ஒரு பாட்டு முடிந்துவிடும். மறுநாள் வேறு படம், வேறு இசையமைப்பாளர்; மிக்ஸரின் குமிழ்கள் எல்லாம் கலைந்துவிடும். நேற்றைய பாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிய தேவையே கிடையாது. 'திரும்ப வரவழைத்தல்' என்ற வேலையை நொட்டேஷன் தாளும் வாத்தியக்காரர்களின் கையும் செய்தன. எழுபதுகளின் திரைப்பாட்டைக் கேட்கும்போது மிக்ஸரில் இருந்தவரின் கை நகர்வதையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். சரணத்துக்கு முன்னால் வயலின் கொஞ்சம் தூக்கப்படுவது ஒரு மனிதரின் சுண்டுவிரல் செய்தது. எங்கும் எழுதிவைக்கப்படாததால், அந்த விரலுக்கு நாடாவைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

பல டிராக்குகளில் தனித்தனியாகப் பதிந்து பின்னால் கலக்கும் முறை வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. கலக்கல் இரண்டு நாள் ஆகும்; நடுவில் வேறொரு ஆள் மிக்ஸரைப் பயன்படுத்துவான். மேற்கத்திய ஸ்டுடியோக்களில் இதற்கென்றே தாள் அச்சடித்து வைத்திருந்தார்கள். மிக்ஸரின் ஒவ்வொரு குமிழும் வட்டமாக வரையப்பட்ட தாள் அது. உதவியாளர் பென்சிலால் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கோடு போடுவார். சிலர் போலராய்டு கேமராவில் படம் எடுத்து வைத்தார்கள்.

நெவ் நிறுவனத்தின் 'நெகாம்' 1977-இல் வந்தது. ஃபேடர்களின் அசைவைக் கணினி பதிந்து, மோட்டாரால் திரும்ப அசைத்துக் காட்டியது. லண்டனில் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டுடியோ இதை முதலில் வாங்கியவற்றுள் ஒன்று. ஆனால் அது ஃபேடரைத்தான் நினைவில் வைத்தது, குமிழ்களை அல்ல. 1981-இல் சாலிட் ஸ்டேட் லாஜிக் 'டோட்டல் ரீகால்' கொண்டுவந்தது. பெயரைக் கேட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று தோன்றும். நடந்தது என்னவென்றால், கணினி ஒவ்வொரு குமிழும் எங்கே இருந்தது என்று திரையில் வரைந்து காட்டும்; ஒரு உதவியாளர் உட்கார்ந்து, திரையைப் பார்த்துப் பார்த்து, நூற்றுக்கணக்கான குமிழ்களைக் கையால் திருகிப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எஜமானன் கணினி, கூலியாள் மனிதன். தொழில்நுட்ப வரலாற்றில் இப்படிப்பட்ட இடைக்காலங்கள் எனக்கு எப்போதும் சுவாரசியமானவை. ஆங்கிலத்தில் அதற்கு விளம்பரம் என்னவோ 'முழு நினைவு' என்றுதான்.

ஒளித்துறை இதில் ஒலியைவிட முந்திக்கொண்டது. நாடக மேடையின் விளக்குப் பலகைகளில் 'இரண்டு சீன்' முறை வெகுகாலமாக இருந்தது. குமிழ்கள் இரண்டு வரிசை. மேல்வரிசை இப்போது எரிந்துகொண்டிருக்கும் காட்சி. அது ஓடும்போதே அடுத்த காட்சிக்கான அளவுகளைக் கீழ்வரிசையில் ஒருவர் அமைத்துவைப்பார். குறி வந்ததும் ஒரே பிடியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு. 1975-இல் பிராட்வேயில் 'எ கோரஸ் லைன்' இசைநாடகத்துக்கு ஒளியமைப்பாளர் தாரன் மஸ்ஸர் நினைவகம் கொண்ட கணினிப் பலகையைக் கொண்டுவந்தபோது கீழ்வரிசைக்கு ஆள் தேவையில்லாமல் போனது. படுதாவில் எழுதிய நம்மூர் சீனும் விளக்குப் பலகையின் சீனும் ஒரே மேடையின் சொற்கள்.

மிக்ஸர் முழுதும் எண்களாக மாறியபிறகுதான் ஒலியில் உண்மையான சீன் சாத்தியமானது. 1987-இல் யமஹாவின் டிஎம்பி7 வந்தது. எட்டு சேனல், மோட்டார் ஃபேடர்கள், உள்ளேயே நினைவகம். 1995-இல் 02ஆர். இவை பெரும்பாலும் ஸ்டுடியோவுக்கானவை. மேடைக்கு வந்தது 2000-க்குப் பிறகு. 2005-இல் எம்7சிஎல் வந்தபின் வாடகைக்குவிடும் கம்பெனிகள் அனலாக்கை மெல்லக் கைவிட ஆரம்பித்தன. ஆனால் தாம்பரத்துக்கு இவை எதுவும் நேரடியாக வரவில்லை; விலை அப்படி. எங்கள் பக்கத்து வரலாற்றில் முக்கியமான ஆண்டு 2012. அந்த ஆண்டுதான் பெரிங்கர் எக்ஸ்32 சந்தைக்கு வந்தது. முப்பத்திரண்டு மைக், நூறு சீன், விலை அதற்கு முன்பிருந்தவற்றின் ஒரு சிறு பங்கு. அடுத்த சில ஆண்டுகளில் சர்ச்சு, சபா, மண்டபம் என்று எங்கும் அதுவோ அதன் தம்பிகளோதான்.

சீன் எதற்காகத் தேவை என்பதைப் புரிந்துகொள்ள மார்கழிபோல வசதியான இடம் உலகில் கிடையாது. ஒரு சபாவில் ஒரே நாளில் நான்கு கச்சேரி. மதியம் இளைஞர், பிறகு ஒரு வீணை, மாலை ஒரு சீனியர், இரவு ஒரு நாட்டியம். இரண்டுக்கும் நடுவே பதினைந்து இருபது நிமிடம். அதற்குள் மேடையில் ஜமுக்காளம் மாறி, சால்வை போர்த்தி, செயலாளர் நாலு வார்த்தை பேசி முடிக்க வேண்டும். ஒலிச்சோதனைக்கு நேரம் கிடையாது. வித்வான் வந்து உட்கார்ந்து, மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "கொஞ்சம் வால்யூம்" என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்துவார். அதுதான் சோதனை. இந்த நிலையில் போன வருஷம் இதே பாடகருக்கு வைத்த சீன் கையில் இருந்தால் பாதி உயிர் மிஞ்சும்.

பாதி உயிர்தான். ஏனென்றால் சீனில் அரங்கம் இல்லை. நேற்று நிறைந்த கூட்டம், இன்று முன்வரிசையில் பன்னிரண்டு பேர் என்றால், உடல்கள் விழுங்கவேண்டிய சத்தம் சுவரில் மோதித் திரும்பும். மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சி.வி. ராமன் 1920-இலும் பிறகு விரிவாக 1934-இலும் இதை ஆராய்ந்து எழுதினார். சாதாரணமாக ஒரு தோல் பறையின் மேற்சுரங்கள் ஒழுங்கில்லாமல் சிதறும். வலந்தலையின் நடுவே பூசிய கரணை அவற்றை இழுத்துவந்து, அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக வரிசையில் நிறுத்துகிறது. மிருதங்கம் பாடகரின் சுதிக்குச் சேர்க்கப்படுவது இதனால்தான் சாத்தியமாகிறது. ஆக, மிருதங்கம் ஆளுக்கு ஆள் மாறும். ஆண் பாடகருக்கு 1 கட்டை, சுமார் 130 ஹெர்ட்ஸ். பெண் பாடகருக்கு 5 கட்டை, சுமார் 196. முதலாமவருக்காக 260 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் வெட்டிச் சேமித்த சீனை அடுத்தவருக்குப் போட்டால், வெட்டிய இடத்தில் வெட்ட எதுவும் இருக்காது. 390-ஐ ஒட்டி வேறொன்று திமிறிக்கொண்டு நிற்கும். மைக் செட் அண்ணனின் மொழியில், "அது கூவும்."

இதைவிட ஆபத்து, கச்சேரி நடுவே சீனை மாற்றுவது. பழைய சீனில் கெயின் உயரத்தில் இருந்திருந்தால், பொத்தானை அழுத்திய நொடியில் எழும் ஊளை முன்வரிசைத் தாத்தாவின் காதுக்கருவிக்குள் நேராகப் போகும். இதற்காகத்தான் பிற்கால மிக்ஸர்களில் 'ரீகால் சேஃப்' வந்தது. 'இந்தச் சேனலைத் தொடாதே, இதன் கெயினைத் தொடாதே, மற்றதை மட்டும் மாற்று' என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். எல்லாவற்றையும் நினைவில் வைக்கும் கருவியைச் செய்து முடித்தபிறகு, எதை மறக்க வேண்டும் என்று சொல்லும் கருவியும் தேவைப்பட்டது. என் அனுபவத்தில் நல்ல சவுண்ட்காரர் யார் என்று தெரிந்துகொள்ள அவருடைய சீன் பட்டியலைப் பார்க்க வேண்டியதில்லை, சேஃப் பட்டியலைப் பார்த்தால் போதும்.

எக்ஸ்32-இன் சீன் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துவந்து கணினியில் திறந்தால், அது வெறும் எழுத்துக் கோப்பு. ஆயிரம் வரிகளைத் தாண்டும். எந்த நோட்பேடிலும் படிக்கலாம். நான் சில மண்டபங்களின் கோப்புகளைக் கேட்டு வாங்கி, கல்வெட்டு படிப்பதுபோலப் படித்திருக்கிறேன். சேனல் பெயர்களுக்குப் பன்னிரண்டு எழுத்துதான் இடம், அதுவும் ரோமன் எழுத்தில். மிருதங்கத்தை மூன்று பேர் மூன்று விதமாக எழுத்துக்கூட்டியிருப்பார்கள். அதை வைத்தே எந்த சீன் யார் கைவண்ணம் என்று சொல்லிவிடலாம். 'கடம்' பக்கத்தில் 'கடம் புதுசு'. 'வரவேற்பு', 'நன்றியுரை', 'செயலாளர்' (இதில் மட்டும் கம்ப்ரெஸர் மிகக் கடுமையாக வைக்கப்பட்டிருந்தது, அவர் கேள்விப்பட்டால் வருந்துவார்). 2019 டிசம்பருக்குப் பிறகு இரண்டு ஆண்டு எதுவுமே இல்லாத ஒரு பட்டியல் பார்த்தேன். பிறகு தொடரும்போது சேனல்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. ஒரு மண்டபத்தின் பட்டியலில் இறந்துபோன ஒரு மிருதங்க வித்வானின் முதலெழுத்துகளோடு ஒரு சீன் உண்டு. யாரும் அதைப் போடுவதில்லை, அழிப்பதுமில்லை.

இனி நடந்த ஒரு தகராறைச் சொல்ல வேண்டும். தென்புறநகரில் ஒரு மண்டபம், பெயர் வேண்டாம். அங்கே ஆறு ஆண்டுகள் மிக்ஸரில் நின்றவர் எனக்குப் பழக்கம். மாதச் சம்பளம் கிடையாது, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கூலி. அறுபத்துச் சொச்சம் சீன்கள் அவர் கையில் உருவானவை. ஒவ்வொரு பாடகருக்கும், ஒவ்வொரு பள்ளி ஆண்டுவிழாவுக்கும், மழைநாளுக்கு ஒன்று, ஏ.சி. ஓடாத நாளுக்கு ஒன்று. கூலியை ஏற்றச் சொல்லிக் கேட்டார், முடியாது என்றார்கள். "சீன் எல்லாம் இருக்கு, இனிமே எந்தப் பையன் வேணா பட்டனை அமுக்கலாம்" என்று நிர்வாகி சொன்னதாக அவர் காதுக்கு வந்தது. கடைசி நாள் நிகழ்ச்சி முடிந்ததும் அத்தனையையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, மிக்ஸரைத் துடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நிர்வாகம் திருட்டு என்றது. போலீசுக்குப் போவோம் என்றது, போகவில்லை.

நான் அவரிடம் கேட்டேன், "அண்ணே, மிக்ஸர் அவங்களோடதுதானே?"

"மிக்ஸர் அவங்களோடது. நாதஸ்வரக்காரர் கோயில் நாதஸ்வரத்துல வாசிச்சா, போகும்போது விரலைக் கழட்டி வெச்சுட்டா போவாரு?"

சட்டப் புத்தகம் அவருக்கு எவ்வளவு துணை வரும் என்று பார்த்தேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழ் இருப்பவர் உருவாக்கும் படைப்பு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்கே முதலில் சொந்தம். என் நிறுவனத்துக்கு நான் எழுதும் நிரலுக்கும் இதே விதிதான்; அதற்கு எனக்கு மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் கொடுக்கிறார்கள். 1994-இல் சட்டம் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் நிகழ்த்துநர் உரிமை கொடுத்தது. 2012 திருத்தம் பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் ராயல்டியில் பாதுகாத்தது. மிக்ஸருக்குப் பின்னால் நிற்பவர் இந்த இரண்டு வரிசையிலும் இல்லை. அறுபது சீன் என்பது படைப்பா, வெறும் அமைப்பு அளவுகளா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். என்னைக் கேட்டால், அளவுகள் மண்டபத்துக்குச் சேரவேண்டியவை; ஆனால் ஆறு வருஷம் தினக்கூலி கொடுத்துவிட்டு, ஆறு வருஷக் காதைச் சொந்தம் கொண்டாடிய நிர்வாகத்தின் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை. ஒரு நகலாவது விட்டுப் போயிருக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் டீயைக் குடித்து முடித்தார்.

அவர் இப்போது வாடகை சவுண்ட் சர்வீஸ் ஒன்றில் இருக்கிறார். பென் டிரைவ் சாவிக்கொத்தில் தொங்குகிறது. அந்த மண்டபத்தின் சீன்களை வேறெங்கும் போட முடியாது என்று அவருக்குத் தெரியும். வேறு சுவர், வேறு பெட்டி.

மண்டபத்துக்கு இருபது வயதுப் பையன் ஒருவன் வந்திருக்கிறான். முதல் இரண்டு மாதம் எல்லா நிகழ்ச்சியிலும் கூவியது. பிறகு குறைந்தது. சென்ற மாதம் ஒரு அரங்கேற்றத்துக்குப் போனபோது பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். பட்டியலில் நான்கே நான்கு சீன்கள். மிருதங்கத்தை அவன் நான்காவது விதமாக எழுத்துக்கூட்டியிருந்தான். முதல் சீனுக்கு ரோமன் எழுத்தில் அவன் வைத்திருந்த பெயர்: 'தொடாதே'.